காலடிக் கணக்கு கணினிக்கு வந்த கதை

கையில் கட்டியிருக்கும் ஃபிட்னஸ் பேண்டைத் தட்டினால், இன்று எத்தனை அடி நடந்தோம் என்று காட்டுகிறது. அந்த எண் செல்பேசிக்குப் போகிறது. செல்பேசியிலிருந்து எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து வண்ண வரைபடமாக நம் திரைக்குத் திரும்பி வருகிறது. இத்தனைக்கும் மேசைமேல் நம் லினக்ஸ் கணினி இருக்கிறது. அதிலும் புளூடூத் இருக்கிறது. பேண்டுக்கும் கணினிக்கும் இடையே இரண்டு முழத் தூரம்தான். ஆனால் அந்த இரண்டையும் நேருக்கு நேர் பேசவைக்க, பல நாடுகளில் இருந்த பலர் சம்பளம் வாங்காமல் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. நம் காலடியை எண்ணும் வேலை எப்போது நம் கையைவிட்டுப் போனது, யாரிடம் போனது என்று தேடினால் ரோமாபுரி வரை போக வேண்டியிருக்கிறது.

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தம் நூலின் பத்தாம் பாகத்தில் ஒரு வண்டியை விவரிக்கிறார். அதன் சக்கரம் 400 முறை சுழன்றால் 5,000 ரோமானிய அடி. அதாவது ஒரு மைல். ஒவ்வொரு மைல் முடிந்ததும் பல்சக்கரங்கள் நகர்ந்து ஒரு கூழாங்கல்லைப் பாத்திரத்தில் விழவைக்கும். ஊர் போய்ச் சேர்ந்ததும் கற்களை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். அந்த மைல் என்ற அளவே நடப்பவர் காலிலிருந்து பிறந்தது. இடது கால் ஊன்றி, மீண்டும் இடது கால் ஊன்றும் வரை உள்ள தூரம் ஆயிரம் சேர்ந்தால் அது ஒரு மைல். நடந்தவன் படைவீரன், கணக்கு பேரரசுக்கு. இந்தப் பிரிவினை பின்னாலும் பல வேடங்களில் நம்மைத் தொடர்ந்து வரும்.

வண்டியில் இருந்த எண்ணும் பொறியை மனித இடுப்புக்கு மாற்ற ஐரோப்பியக் கைவினைஞர்கள் நெடுங்காலம் முயன்றார்கள். லியனார்டோ டா வின்சியும் வரைந்து பார்த்தார். அப்படிப் பிறந்த நடைமானி வணிகக் கப்பலேறிக் கிழக்கே வந்தது. ஜப்பான் அப்போது கிட்டத்தட்ட எல்லா ஐரோப்பியருக்கும் கதவை அடைத்திருந்த காலம். டச்சு வணிகர்களுக்கு மட்டும் நாகசாகியில் சிறிய இடம் தந்திருந்தது. அந்தச் சன்னல் வழியாக வந்த கருவிகளால் கவரப்பட்ட ஹிராகா கென்னாய் என்ற பல்துறை அறிஞர், 1755-இல் தாமே ஒரு நடைமானியைச் செய்தார். பிறர் பொருளைப் பார்த்துச் செய்வது இந்தக் கருவியின் வரலாற்றில் அன்றே தொடங்கிவிட்டது.

சுவிட்சர்லாந்தில் 1770-களில், நடக்கும் அசைவாலேயே சாவி ஏறும் கடிகாரத்தை ஆபிரகாம் லூயி பெரலே உருவாக்கினார். உடல் குலுங்கும்போது உள்ளே ஒரு சிறு எடை ஊசலாடும். அந்த ஊசல் வில்லை முறுக்கும். அதே ஊசல் ஒரு பல்சக்கரத்தைத் தள்ளினால் அடிகளை எண்ணலாம் என்பது அடுத்த எட்டு. சில ஆண்டுகள் கழித்து, பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் நடைமானிமேல் பெரும் பிரியம் கொண்டார். 1788-இல் நண்பர் ஜேம்ஸ் மேடிசனுக்கு ஒன்றை அனுப்பிவைத்து, கால்சட்டைப் பையின் அடியில் துளை போட்டு, அதன் வழியாக ஒரு நாடாவை இறக்கி முழங்காலில் மாட்டும் முறையையும் கடிதத்தில் எழுதினார். அவரே அதைக் கண்டுபிடித்தார் என்று பிற்காலத்தில் ஒரு கதை பரவியது. அது உண்மையல்ல, அவர் ஆர்வம் மிகுந்த வாடிக்கையாளர். ஆனால் நடந்தவரே தம் கணக்கையும் தம்மிடம் வைத்துக்கொண்ட அரிய காலம் அது.

ஜப்பானில் இனோ தடாடகா தம் ஐம்பத்தைந்தாம் வயதில், 1800-இல், நாட்டை அளக்கப் புறப்பட்டார். ஒவ்வோர் அடியும் ஒரே நீளத்தில் விழுமாறு கால்களைப் பழக்கிக்கொண்டு வடக்கே நடந்தார். அவர் தொடங்கிய வரைபடம் அவர் மறைந்த பின் 1821-இல் நிறைவேறியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1802 ஏப்ரலில், நம் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலியால் ஒரு கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மாபெரும் பணி அங்கிருந்து தொடங்கி இமயம் வரை ஏறியது. இமயத்துக்கு அப்பால் திபெத். அங்கே வெள்ளைக்காரர் நுழைய முடியாது. சங்கிலியும் கோணமானியும் செல்ல முடியாத இடத்துக்குக் கால்கள் செல்லலாம் என்று அந்த அளவைப் பணியில் இருந்த கேப்டன் மாண்ட்கோமரி யோசித்தார். குமாவுன் மலைப்பகுதியின் மிலாம் கிராமத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் நைன் சிங் ராவத்தை அழைத்து, மேட்டிலும் பள்ளத்திலும் அடியின் நீளம் மாறாமல் நடக்க டேராடூனில் பயிற்சி கொடுத்தார்கள்.

நைன் சிங்கின் கையில் இருந்த கருவியைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை. பௌத்தர்களின் மணிமாலையில் 108 மணி இருக்கும். அவருடைய மாலையில் 100 மணிதான். நூறு அடிக்கு ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு சுற்று வந்தால் 10,000 அடி, சுமார் ஐந்து மைல். கையில் சுழற்றிய பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதிலாகக் குறிப்புத் தாள்கள். யாத்திரீகர் வேடத்தில் 1865-இல் நேபாளம் வழியாகப் புறப்பட்டு 1866 ஜனவரியில் லாசா சேர்ந்தார். கிட்டத்தட்ட 1,200 மைல் தூரத்தைக் காலால் எண்ணிக் கொண்டுவந்தார். லண்டனின் ராயல் புவியியல் சங்கம் 1877-இல் அவருக்குத் தங்கப்பதக்கம் வழங்கியது. அணியக்கூடிய கருவி, எண்ணிக்கை, மறைத்து வைத்த பதிவு, பிறகு அதை ஓர் அலுவலகத்தில் ஒப்படைத்தல் என்று இன்றைய பேண்ட் செய்யும் அத்தனை வேலைகளையும் அவர் உடலே செய்தது. இங்கும் நடந்தவர் ஒருவர், கணக்கு வேறொருவருடையது.

அடுத்த தாவல் ஹாலிவுட்டுக்கு. வியன்னாவில் பிறந்த நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942-இல் ஒரு காப்புரிமை பெற்றார்கள். கடற்படைக் கணையை ரேடியோவால் செலுத்தும்போது எதிரி அந்த அலைவரிசையைக் குழப்பாமல் இருக்க, அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே சமயத்தில் அலைவரிசை மாற்றித் தாவிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு அது. தானியங்கிப் பியானோக்களை இசைவாக இயக்கிப் பழகியவர் ஆந்தைல். ஆகவே துளையிட்ட காகிதச் சுருளையே பயன்படுத்தி, பியானோ கட்டைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப 88 அலைவரிசைகளை வைத்தார்கள். கடற்படை அதைக் கிடப்பில் போட்டது. இன்றைய புளூடூத் அந்தக் காப்புரிமையிலிருந்து நேராகப் பிறந்தது என்று சொல்வது மிகை. தாவும் அலை என்ற எண்ணம் அதற்கு முன்பும் வேறு சிலரிடம் இருந்தது. ஆனாலும் புளூடூத் விநாடிக்கு 1,600 முறை, 79 தடங்களுக்கிடையே தாவுகிறது என்று படிக்கும்போது அந்தக் காகிதச் சுருள் நினைவுக்கு வராமல் இருக்காது.

தாவுவதற்கு ஓர் இடம் வேண்டுமே? அந்த இடம் 1947-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச வானொலி மாநாட்டில் ஒதுக்கப்பட்டது. ரேடியோ அலையால் உணவைச் சூடாக்கும் அடுப்பை ரேதியான் நிறுவனம் அப்போதுதான் உருவாக்கியிருந்தது. செய்தி அனுப்பாமல் வெறுமே வெப்பமும் இரைச்சலும் எழுப்பும் இத்தகைய கருவிகளுக்கென்று 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். பேச்சுக்கு லாயக்கில்லாத தரிசு நிலம் என்றே பலரும் அதைக் கருதினார்கள். 1985-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், அலையைப் பரப்பி அனுப்பும் கருவிகள் உரிமம் இல்லாமல் அங்கே இயங்கலாம் என்று அனுமதித்தது. வைஃபையும் புளூடூத்தும் அந்த நிலத்தில்தான் குடியேறின. நம் காலடிக் கணக்கு இன்று சமையலறை அடுப்பின் இரைச்சலுக்கு நடுவே பயணம் செய்வது இதனால்தான்.

இதற்கிடையில் நடைமானி ஜப்பானில் மறுபிறவி எடுத்தது. 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்து முடிந்தது; உடற்பயிற்சிமேல் நாட்டுக்கே ஆர்வம் பிறந்திருந்தது. 1965-இல் யமாசா நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடைமானியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்குப் 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் 'மான்போ-கெய்' என்ற பெயரை வைத்தது. நைன் சிங் புறப்பட்டுச் சரியாக நூறு ஆண்டு. மீண்டும் அதே 10,000. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முழு எண் என்பதால் இரண்டு இடங்களிலும் அது பிடித்துப்போனது, அவ்வளவுதான். ஆனால் விளம்பரத்துக்குப் பிடித்த அந்த எண், நடைச் சங்கங்கள் வழியாக ஜப்பான் முழுவதும் பரவி, பிறகு உலகெங்கும் மருத்துவ அறிவுரைபோல நிலைத்துவிட்டது. 2019-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களைக் கவனித்தபோது, நாளுக்கு சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு ஆபத்து கணிசமாகக் குறைந்திருந்தது; சுமார் 7,500 அடிக்குமேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உங்கள் பேண்டில் 10,000 என்று இலக்கு வைத்திருந்தால், அதை வைத்தது மருத்துவர் அல்ல என்பதை அறிந்துகொள்வது நல்லது.

இனி சில காலம் ஃபின்லாந்தில் தங்க வேண்டும். பனிச்சறுக்கு வீரர்களின் இதயத் துடிப்பை அவர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வழியில்லையே என்ற குறை, அவுலு பல்கலைக்கழகப் பேராசிரியர் செப்போ சைனஜகாங்கஸின் காதில் விழுந்தது. அவர் 1977-இல் போலார் எலெக்ட்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில், மார்பில் கட்டும் பட்டை கம்பியில்லாமல் கைக்கடிகாரத்துக்குத் துடிப்பைச் சொல்லும் கருவி கடைக்கு வந்தது. அதே நாட்டின் ஹெல்சின்கியில் 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று ஓர் இயங்குதளத்தின் கருவை வெளியிட்டார். நோக்கியா நிறுவனத்தின் ஆய்வகத்தில் 2001-இல் மற்றொரு வேலை தொடங்கியது: நாணய அளவு பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும் எளிய ரேடியோ. துடிப்பை அளக்கும் பட்டை, லினக்ஸ், சிக்கன ரேடியோ ஆகிய மூன்றும் ஐம்பது லட்சத்துச் சொச்சம் மக்கள் வாழும் ஒரே நாட்டிலிருந்து, ஒன்றையொன்று எதிர்பாராமல் வந்தவை.

புளூடூத் மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளை. சுவீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் யாப் ஹார்ட்சன், ஸ்வென் மாட்டிசன் போன்றோர், செல்பேசியையும் மற்றக் கருவிகளையும் இணைக்கும் கம்பியை ஒழிக்க வழி தேடினார்கள். 1998 மே மாதம் எரிக்சன், நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தோஷிபா ஐந்தும் கூட்டணி அமைத்தன. பத்தாம் நூற்றாண்டு டேனிஷ் அரசர் ஹரால்டின் பட்டப்பெயரை இன்டெல்லின் ஜிம் கர்டாக் தற்காலிகமாகத்தான் வைத்தார். நிலையான பெயர்களுக்கு வணிகக்குறித் தேடல் முடிய நேரமில்லாமல் போனதால், தற்காலிகமே நிரந்தரமானது.

அதே லுண்ட் நகரில் ஆக்சிஸ் என்ற நிறுவனம் இருந்தது. பிற்காலத்தில் கண்காணிப்பு கேமராக்களால் பெயர்பெற்றது. அவர்கள் 1999-இல் லினக்ஸுக்கென ஒரு புளூடூத் மென்பொருளைத் திறமூலமாகத் தந்தார்கள். நோக்கியாவும் ஐபிஎம்மும் தத்தம் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்தன. யாருடையது லினக்ஸின் கருவுக்குள் நுழையும்? வென்றது இவற்றில் எதுவும் இல்லை. குவால்காமில் வேலைபார்த்த மாக்ஸ் கிராஸ்நியான்ஸ்கி 2001 மே மாதம் 'புளூ-இசட்' என்ற நிரலைப் பொதுவில் வைத்தார். அடுத்த ஓரிரு மாதங்களிலேயே லினக்ஸ் 2.4.6 பதிப்பில் அது சேர்ந்துவிட்டது. பிறகு மார்செல் ஹோல்ட்மன் அதன் பொறுப்பை ஏற்று வளர்த்தார். இன்றும் எந்த லினக்ஸ் கணினியில் புளூடூத்தைத் தட்டினாலும் பின்னால் ஓடுவது பெரும்பாலும் அதுதான்.

கதையின் அடுத்த திருப்பம் கார் விபத்திலிருந்து வந்தது. காற்றுப்பை எப்போது வெடித்து விரிய வேண்டும் என்று முடிவு செய்ய, மோதலை உணரும் சில்லு தேவைப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் அனலாக் டிவைசஸ் நிறுவனம் சிலிக்கனிலேயே நுண்ணிய முடுக்கமானியைச் செதுக்கியது: உள்ளே ஒரு சிறு துண்டு அசையும், அசைவு மின்சாரமாகப் பதிவாகும். பெரலேயின் ஊசல் எடை கண்ணுக்குத் தெரியாத அளவில் திரும்பி வந்தது என்றே சொல்லலாம். கார்களுக்காக லட்சக்கணக்கில் செய்யச் செய்ய விலை சரிந்தது. 2006-இல் நின்டெண்டோ தன் வீ விளையாட்டின் கைப்பிடிக்குள் அதை வைத்தது. அதை ஆடிப்பார்த்து மயங்கியவர்களில் ஜேம்ஸ் பார்க் ஒருவர். அவரும் எரிக் ஃபிரீட்மனும் 2007-இல் தொடங்கிய நிறுவனம்தான் ஃபிட்பிட்.

2009-இல் ஃபிட்பிட்டின் முதல் கருவி வந்தது. அதில் புளூடூத் இல்லை. கனடாவில் பிறந்த 'ஆன்ட்' என்ற வேறொரு சிக்கன ரேடியோ இருந்தது. கணினியில் ஒரு யூஎஸ்பி தாங்கியைச் செருகினால், பக்கத்தில் வரும்போது கருவி தன் கணக்கை இறக்கிவிடும். விண்டோஸுக்கும் மேக்குக்கும் மென்பொருள் தந்தார்கள். லினக்ஸுக்கு இல்லை.

எந்தக் கருவிக்கு மென்பொருள் இல்லையோ, அதைத் திறந்து பார்ப்பது லினக்ஸ்காரர்களின் இயல்பு. யூஎஸ்பி வழியாக ஓடும் எண்களைப் பதிவுசெய்து, எது கட்டளை, எது விடை என்று பிரித்தறிந்து 'லிப்ஃபிட்பிட்' என்ற நிரலை எழுதினார்கள். எழுதும்போது தெரியவந்த உண்மைதான் முக்கியம். கருவி பேசிக்கொண்டிருந்தது கணினியோடு அல்ல. கணினி வழியாகத் தொலைவில் இருந்த சர்வரோடு. பின்னர் வந்த கருவிகளில் தகவல் பூட்டப்பட்டே வெளிவந்தது. 'கலிலியோ' என்ற பைத்தான் நிரல் அவற்றை லினக்ஸில் இணைத்தது உண்மை. ஆனால் அது செய்ய முடிந்தது, முத்திரையிட்ட தபால் பையை வாங்கி முகவரிக்குக் கொண்டுசேர்க்கும் தபால்காரரின் வேலை மட்டுமே. பைக்குள் இருந்தது நம் காலடி. பிரிக்கும் உரிமை நமக்கில்லை.

நோக்கியாவின் சிக்கன ரேடியோ என்ன ஆனது? 'வைப்ரீ' என்ற பெயரில் 2006 அக்டோபரில் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே புளூடூத் கூட்டணிக்குள் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். 2010-இல் புளூடூத் 4.0-இன் பகுதியாக வெளிவந்தது. பழைய புளூடூத் ஓயாமல் தொடர்பில் இருக்கும்; இதுவோ பெரும்பாலும் உறங்கும். மொத்தம் 40 தடங்கள். அவற்றில் மூன்று மட்டும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கூவுவதற்கு. பேண்ட் கண்விழித்து மூன்றிலும் ஒரு குரல் கொடுத்துவிட்டு மீண்டும் உறங்கிவிடும். கேட்டவர் பதில் தந்தால் பேச்சு தொடங்கும். ஒரே சிறு பேட்டரி வாரக்கணக்கில் தாங்குவது இந்த உறக்கத்தால்தான்.

அந்தத் தரத்தை எழுதியவர்கள் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. பொதுவான சேவைகளுக்கு உலகம் முழுவதற்கும் பொருந்தும் எண்களைக் கொடுத்தார்கள். இதயத் துடிப்புச் சேவை என்றால் 180டி. அதன் அளவீடு 2ஏ37. பேட்டரி என்றால் 180எஃப். அதன் அளவு 2ஏ19. மார்பில் கட்டும் போலார் பட்டை இந்த எண்களைத்தான் பேசுகிறது. எனவே அதற்கு எந்த ஆப்பும் வேண்டாம், எந்தக் கணக்கும் திறக்க வேண்டாம். லினக்ஸில் முனையத்தைத் திறந்து 'புளூடூத்சிடிஎல்' என்று கொடுங்கள். ஸ்கேன் ஆன் செய்யுங்கள். பட்டையின் முகவரி தெரியும். கனெக்ட் செய்யுங்கள். கேட் மெனுவுக்குள் போய் 2ஏ37-ஐத் தேர்ந்து நோட்டிஃபை ஆன் செய்தால், விநாடிக்கு ஒரு முறை எண்கள் வந்து விழும். முதல் பைட் ஒரு குறிப்பு. பெரும்பாலும் அடுத்த பைட்தான் உங்கள் துடிப்பு. சில பட்டைகள் இரண்டு துடிப்புக்கு இடைப்பட்ட நேரத்தை 1,024-இல் ஒரு பங்கு விநாடி என்ற துல்லியத்தில் சேர்த்துத் தரும். தன் இதயம் தன் முனையத்தில் எண்ணாக ஓடுவதைப் பார்ப்பது அலாதியான அனுபவம்.

காலடிக்கோ அப்படி ஒரு பொது எண்ணைப் பேண்ட் விற்பவர்கள் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு மொழி வைத்துக்கொண்டது. 2012 நவம்பரில் ஆண்ட்ராய்டும் புளூ-இசட்டைக் கைவிட்டு பிராட்காம் தந்த மென்பொருளுக்கு மாறியது. அடுத்த மாதமே புளூ-இசட்டின் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதுவரை ஒரே பாதையில் வந்த செல்பேசியும் மேசைக் கணினியும் அங்கே பிரிந்தன. புதிய பேண்டுகள் எல்லாம் செல்பேசியை மட்டும் பார்த்துப் பிறந்தன.

2014-இல் சீனாவில் ஷாவ்மி எம்ஐ பேண்ட் வெளிவந்தது. விலை 79 யுவான். திரை கிடையாது, மூன்று சிறு விளக்குகள், ஒரு மாதம் தாங்கும் பேட்டரி. ஃபிட்பிட் வாங்க முடியாதவர்கள் எல்லாம் இதை வாங்கினார்கள். பார்வைக்கு இதையே போன்ற நகல்கள் கடைகளை நிறைத்தன. உள்ளே சில்லும் வேறு, மொழியும் வேறு, ஆப்பும் வேறு. மலிவாக இருந்ததாலேயே ஒரு நன்மை நடந்தது: பிரித்துப் பார்க்கத் துணிந்தவர்கள் பெருகினார்கள்.

வழி சிக்கலானதல்ல. ஆண்ட்ராய்டின் டெவலப்பர் அமைப்புகளில் புளூடூத் உரையாடலைப் பதிவுசெய்யும் வசதி ஒன்று உண்டு. நிறுவனத்தின் ஆப் பேண்டோடு பேசுவதை அதில் பதிந்து, அந்தக் கோப்பை லினக்ஸில் வயர்ஷார்க் கொண்டு திறந்தால், யார் என்ன கேட்டார், என்ன விடை வந்தது என்று வரிசையாகத் தெரியும். பத்து அடி நடந்துவிட்டு எந்த பைட் பத்தால் கூடியது என்று பார்ப்பார்கள். இந்தப் பொறுமையான வேலையிலிருந்து எம்ஐ பேண்ட் 2 ஒரு நிமிடத்துக்கு நான்கு பைட் எழுதிவைக்கிறது என்று தெரிந்தது: என்ன வகை அசைவு, எவ்வளவு வேகம், எத்தனை அடி, துடிப்பு எவ்வளவு. ஒரு முழு நாள் வாழ்க்கை 5,760 பைட். செல்பேசியில் எடுக்கும் ஒரு மங்கலான புகைப்படம்கூட அதைவிடப் பெரியது.

பெபிள் என்ற கைக்கடிகாரத்துக்காக 2015-இல் தொடங்கப்பட்ட 'கேட்ஜெட்பிரிட்ஜ்' என்ற திறமூலச் செயலி இந்த அறிவையெல்லாம் ஓரிடத்தில் திரட்டியது. ஆண்ட்ராய்டில் ஓடினாலும் அது இணையத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. கணக்கை ஒரு சாதாரண எஸ்கியூலைட் கோப்பாக வைத்திருக்கிறது. அதை லினக்ஸ் கணினிக்கு எடுத்து விருப்பப்படி ஆராயலாம். செல்பேசியே வேண்டாம் என்பவர்களுக்கு, ஜொல்லா நிறுவனத்தின் செய்ல்ஃபிஷ் செல்பேசித் தளத்துக்காக எழுதப்பட்ட 'அமேஸ்ஃபிஷ்' லினக்ஸ் மேசைக் கணினியிலும் ஓடுகிறது. அந்த ஜொல்லாவைத் தொடங்கியவர்கள் நோக்கியாவிலிருந்து வெளியேறியவர்கள். சிக்கன ரேடியோவைப் பெற்ற வீட்டார், சுற்றிவந்து அதைத் திறந்துவிடுவதிலும் பங்கு கொண்டார்கள்.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. எம்ஐ பேண்ட் 2-இலேயே ஒரு பூட்டு இருந்தது: பேண்ட் ஓர் எண்ணை எறியும், அதை 16 பைட் திறவுகோலால் மறைத்துத் திருப்பித் தந்தால்தான் கதவு திறக்கும். திறவுகோலை முதன்முறை நாமே வைக்கலாம் என்பதால் தொல்லையில்லை. 2019-இல் வந்த எம்ஐ பேண்ட் 4 முதல் அந்தத் திறவுகோலை நிறுவனத்தின் சர்வர் உருவாக்கித் தருகிறது. ஒரு முறையாவது அவர்கள் ஆப்பில் கணக்குத் திறந்து, பேண்டைப் பதிந்து, திறவுகோலை மீட்டெடுத்த பிறகே கேட்ஜெட்பிரிட்ஜ் பேச முடியும். பேண்டை அழித்து மீட்டமைத்தால் மீண்டும் முதலிலிருந்து.

கணக்கு நம்மிடமே இருக்க வேண்டும் என்ற இந்தப் பிடிவாதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்டிருந்த உலக நடமாட்ட வரைபடத்தில் பாலைவனத்தின் நடுவே ஒளிர்ந்த வட்டங்கள், இராணுவ முகாம்களைச் சுற்றி வீரர்கள் ஓடிய தடங்கள் என்று தெரியவந்தது. இரகசியமாக அடிகளை எண்ணத் தன் வாழ்வின் பல ஆண்டுகளைக் கொடுத்த நைன் சிங் செய்த வேலையை, வீரர்களே தெரியாமல் தம் முகாம்களுக்கு எதிராகச் செய்துவிட்டார்கள். இரண்டாவது பெபிள். 2016 இறுதியில் அதை ஃபிட்பிட் வாங்கியது. 2018-இல் அதன் சர்வர்களை நிறுத்தியது. கடிகாரங்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அநாதையாயின. 'ரெபிள்' என்ற ஆர்வலர் குழு மாற்றுச் சர்வர் வைத்து அவற்றைக் காப்பாற்றியது. ஃபிட்பிட்டை 2021-இல் கூகுள் வாங்கி முடித்தது. 2025 ஜனவரியில் பெபிளின் இயங்குதள நிரலைக் கூகுள் பொதுவில் திறந்துவிட்டது. இந்தக் கதையில் என்னை மிகவும் மகிழ்வித்த முடிவு அதுதான்.

முழுக்கத் திறந்து வைப்பது மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. கோல்மி என்ற மலிவு மோதிரம் எந்தப் பூட்டும் இல்லாமல் வருகிறது; 2024-இல் அதற்குப் பைத்தான் நிரல் எழுதியவர்களுக்கு வேலை எளிதாக இருந்தது. அதே காரணத்தால், அருகில் நிற்பவர் எவரும் அதோடு பேசலாம். பூட்டு வேண்டும், திறவுகோல் அணிந்திருப்பவரிடம் இருக்க வேண்டும். பைன்64 குழுவின் பைன்டைம் கடிகாரமும் பேங்கிள்.ஜேஎஸ் கடிகாரமும் கட்டுப்பாடு அணிபவரிடமே இருக்கும்படி பிறந்தவை. உள்ளே ஓடும் நிரலைக்கூட நாமே மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் முயன்று பார்க்க விரும்புவோருக்குச் சில சொற்கள். இத்தகைய பேண்டுகளில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேசும். செல்பேசியில் புளூடூத்தை அணைக்காவிட்டால் கணினியின் கண்ணுக்கே பேண்ட் படாது. கணினியில் எதுவுமே தெரியவில்லை என்றால், ரேடியோ அணைந்திருக்கிறதா என்று 'ஆர்எஃப்கில்' கட்டளையால் முதலில் பாருங்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு 'பிளீக்' என்ற பைத்தான் நூலகம் போதும். இருபது வரியில் துடிப்பைக் கோப்பில் எழுதிவிடலாம். புதிதாகப் பேண்ட் வாங்கப்போகிறவர்கள், கேட்ஜெட்பிரிட்ஜ் ஆதரிக்கும் கருவிகளின் பட்டியலை முதலில் பாருங்கள். அதில் அந்தக் கருவிக்குச் சர்வரிலிருந்து திறவுகோல் வேண்டுமா என்ற குறிப்பும் இருக்கும். அந்தத் திறவுகோல் தேவைப்படாத கருவியாகத் தேர்ந்து வாங்குங்கள்.